முன்பணத்துக்கு மேல்விலை

1970-களில் பெங்களூர் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் நாங்கள் குடியிருந்த ஒண்டுக்குடித்தன வரிசையில் மின்சாரம் யூனிட் கணக்கில் கிடைக்காது, பாயிண்ட் கணக்கில்தான் கிடைக்கும். ஒரு பல்புக்கு மாதம் இத்தனை, ரேடியோ இருந்தால் மேற்கொண்டு இத்தனை, இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. எல்லாக் குடித்தனங்களுக்கும் சேர்த்து ஒரே மீட்டர். அது ஓனர் வீட்டு வாசலில் மரப்பெட்டிக்குள் பூட்டியிருக்கும். கர்நாடக மின்சார வாரியமான கே.ஈ.பி.யின் ஆள் வந்து கணக்கெடுத்தால் பில் ஓனரம்மா கைக்குப் போகும். அதில் என்ன தொகை எழுதியிருந்தது என்று குடியிருந்தவர்கள் யாரும் பார்த்ததில்லை. முதல் தேதியன்று வாடகையோடு பல்புக் காசையும் எண்ணி வைத்துவிட வேண்டும், வரப்போகிற மாதத்துக்கு. ராத்திரி ஒன்பதரை ஆனதும் ஓனரம்மா உள்ளிருந்து குரல் கொடுப்பார். விளக்கு அணையும். அதற்குப் பிறகு படிக்கவோ தைக்கவோ வேண்டுமென்றால் சீமெண்ணெய் விளக்கு.

சீமெண்ணெய்க்கும் எங்களுக்குத் தனி விலை. ரேஷனில் கிடைத்தது பத்தாமல் போனால் அம்மா பெட்டிக்கடையில் பாட்டில் கணக்கில் வாங்குவாள். டின்னாக வாங்குகிறவருக்கு ஒரு விலை, பாட்டிலாக வாங்குகிறவருக்கு வேறு விலை. டின் வாங்கக் கையில் மொத்தமாகக் காசு இருக்க வேண்டும். எங்கள் வரிசையில் யாரிடமும் அது இருந்ததில்லை. ஆகவே ஒரே தெருவில் மிகக் கொஞ்சம் எண்ணெய் எரித்தவர்கள், சொட்டுக்கு மிக அதிகம் கொடுத்தவர்களாக இருந்தார்கள்.

அப்பாவுக்கு வேலை பழைய மெட்ராஸ் ரோட்டில், பையப்பனஹள்ளி என்.ஜி.ஈ.எஃப். தொழிற்சாலையில். அங்கே டிரான்ஸ்ஃபார்மரும் மோட்டாரும் செய்தார்கள். அப்பா சுருள் சுற்றும் பிரிவில் இருந்தார். அவர் கை பட்ட டிரான்ஸ்ஃபார்மர்கள் ஊர் ஊராகப் போய் விளக்கேற்றின. அவர் வீட்டில் நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்று. ஒருநாள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். நாற்பது வாட்ஸ், தினம் ஐந்து மணி நேரம், முப்பது நாள்: ஆறு யூனிட். அந்த ஆறு யூனிட்டுக்கு வாரியம் வாங்குகிற விலையையும் நாங்கள் கொடுக்கிற பல்புக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைத்துக்கொண்டார். ஓனரிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று எங்களுக்கு அவர் சொல்லவே தேவையிருக்கவில்லை.

இதற்கு முந்தைய தலைமுறைக் கதையும் எங்கள் வீட்டில் உண்டு. தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. காவிரி சிவசமுத்திரத்தில் விழுகிற இடத்தில் மின்சாரம் எடுத்து, 1902-இல் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பியிழுத்து முதன்முதலில் கொண்டுபோனது தங்கவயலுக்குத்தான். பெங்களூர் நகரத்துக்கு அது வந்தது மூன்று வருஷம் கழித்து, 1905-இல். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் தொடங்கிய அந்தத் திட்டத்தைப் பற்றி இன்றைக்கும் இந்த ஊர் பெருமையாகப் பேசுகிறது, பேச வேண்டியதும்தான். சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலானோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். தாத்தா பூமிக்கடியில் வேலை செய்த இடத்துக்கு மின்சாரம் வந்திருந்தது. அவர் படுத்து எழுந்த லைன் வீட்டில் சிம்னி விளக்குதான் எரிந்தது என்று அப்பா சொல்வார்.

1980-களில் நாங்கள் அடுத்த தெருவில் சொந்தமாக ஒரு சிறிய வீடு கட்டிக்கொண்டு போனோம். அப்போதுதான் எங்கள் பெயரில் ஒரு மீட்டர், எங்களுக்கென்று ஓர் ஆர்.ஆர். நம்பர், அதாவது இணைப்பு எண். அம்மா அந்த நம்பரை மளிகைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தாள். ஃபேன் வந்தது, இஸ்திரிப் பெட்டி வந்தது. எனக்கு இன்று அவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. முதலில் கரெண்ட், பிறகு காசு. மாதம் முழுக்க எரித்த பிறகு ஆள் வந்து கணக்கெடுப்பார், பில் கொடுப்பார், கட்டுவதற்குக் கெடு இருக்கும். கெடு தாண்டினாலும் உடனே பியூஸைப் பிடுங்க முடியாது. 1910-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டமே ஏழு நாள் எழுத்து மூலமான நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்றது. அதற்குப் பதிலாக வந்த 2003 சட்டம் 56-ஆம் பிரிவில் அதைப் பதினைந்து முழு நாட்களாக்கியது. கூலிக்காரக் குடும்பத்தை நம்பி எந்தக் கடைக்காரரும் கடன் தராத காலத்தில் அரசாங்கம் ஒரு மாத வெளிச்சத்தைக் கடனாகக் கொடுத்தது. அதற்கு டெபாசிட் வாங்கிக்கொண்டார்கள், அது உண்மை. அந்த டெபாசிட்டுக்கும் வட்டி உண்டு. அப்பா ஒருமுறை தொழிற்சாலை வேலைநிறுத்தத்தின்போது பில்லைத் தாமதமாகக் கட்டினார். நோட்டீஸ் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்ப் பேசித் தவணை வாங்கி வந்தார். நோட்டீஸ் இருந்ததால்தான் பேசப் போக முடிந்தது.

என்.ஜி.ஈ.எஃப். 2000-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. கே.ஈ.பி. 1999-இல் கே.பி.டி.சி.எல். ஆனது. 2002-இல் அதிலிருந்து பெங்களூருக்கு மின்சாரம் விநியோகிக்கும் பெஸ்காம் பிரிந்தது. அல்சூருக்கு 2011-இல் மெட்ரோ வந்தது. நாங்கள் குடியிருந்த ஒண்டுக்குடித்தன வரிசையும் போய்விட்டது. அதே மனையில், ஒல்லியாக, பக்கத்துச் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒரு நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. மாடிக்குச் சில அறைகள், அறைக்கு ஒரு குடும்பம் அல்லது வேலைக்குப் போகிற மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. அது ஓனர் வைத்திருக்கும் ப்ரீபெய்டு சப்-மீட்டர். போனில் ரீசார்ஜ் செய்தால் கரெண்ட் இருக்கும். பணம் தீர்ந்தால் தானாக நின்றுவிடும்.

மூன்றாம் மாடியில் வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். கணவர் டெலிவரி வேலை, இவள் இந்திராநகரில் இரண்டு வீடுகளில் சமையல். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, கரெண்ட் நின்னுடுச்சு. ரீசார்ஜ் பண்ணலாம்னா போன்ல சார்ஜ் இல்ல. அவரு வேலைக்குப் போயிருக்காரு. செத்த நேரம் போனைப் போட்டுக்கிறேன்."

போட்டுக்கொண்டாள். கொஞ்சம் சார்ஜ் ஏறியதும் ரீசார்ஜ் செய்தாள். போட்ட பணத்தில் ஒரு பங்கை மெஷின் முதலில் பிடித்துக்கொண்டது. யூனிட் விலை போக, அறைக்குத் தினப்படி ஒரு கட்டணம் இருக்கிறதாம். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அது ஓடிக்கொண்டேயிருக்கும். ஊருக்குப் போயிருந்த நாட்களுக்கும் சேர்த்துக் கழித்தார்கள். யூனிட் என்ன விலை என்று கேட்டேன். பத்து ரூபாய் என்றாள்.

பெஸ்காம் வீடுகளுக்கு விற்கிற விலை எனக்குத் தெரியும், ஏனென்றால் என் பில்லில் அச்சடித்திருக்கிறது. 2025-26 நிதியாண்டில் யூனிட்டுக்கு 5 ரூபாய் 80 காசாக இருந்தது. ஊழியர்களின் ஓய்வூதியத்துக்கென்று 36 காசு. ஒன்பது சதவீத வரி. ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 145 ரூபாய் நிலைக்கட்டணம். ஓனர் தரப்பையும் நான் கேட்டேன். தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு, நிலைக்கட்டணம் எல்லாவற்றையும் யார் தலையில் போடுவது என்றார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் பொதுச் செலவைத் தனியாக எழுதிக் காட்டிப் பங்கு போடுவது. மின்சாரத்தின் விலையில் கரைத்துவிட்டால் யார் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று எவருக்கும் தெரியாது. உரிமம் இல்லாமல் மின்சாரத்தை விற்கக் கூடாது என்று 2003 சட்டம் சொல்கிறது. பெங்களூரில் எத்தனையோ வாடகை அறைகளிலும் தங்கும் விடுதிகளிலும் அந்த விற்பனை வாடகை ஒப்பந்தத்தின் ஒரு வரியாக நடந்துகொண்டிருக்கிறது.

எனக்கு வயிறு எரிவது இதற்கு அடுத்த விஷயத்தில். 2023 ஆகஸ்டிலிருந்து கர்நாடகத்தில் கிருஹ ஜோதி இருக்கிறது. மாதம் 200 யூனிட்டுக்குள் எரிக்கிற வீட்டுக்கு, அதன் முந்தைய சராசரியையும் அதற்கு மேல் கொஞ்சத்தையும் கணக்கிட்டு, பில் கிடையாது. நல்ல திட்டம், நான் முழு மனதோடு வரவேற்ற திட்டம். வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு என்று அரசு தெளிவாகச் சொன்னது. ஆனால் ஓர் ஆர்.ஆர். நம்பர் வேண்டும். மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு நம்பர் கிடையாது. கட்டடத்துக்கு மொத்தமாக இருக்கிற இணைப்பில் எல்லா அறையும் சேர்ந்து எரிப்பது 200 யூனிட்டைத் தாண்டிவிடும், தாண்டினால் முழுப் பில்லும் கட்ட வேண்டும். அவள் அறையில் ஒரு ஃபேன், இரண்டு விளக்கு, டி.வி., மிக்ஸி, பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று. தனி நம்பர் இருந்தால் அவள் பில் சைபராக இருக்கக்கூடும். எதிர் வரிசையில் சொந்த வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சைபர் பில்தான் வருகிறது. ஒரே தெருவில், ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து, சொந்த வீட்டுக்காரருக்கு இலவசம், அறைக்காரிக்குப் பத்து ரூபாய். அதுவும் முன்பணம்.

அடுக்கு விலை இருந்த காலத்திலும் இதே கொடுமைதான். 2023-இல் நூறு யூனிட்டுக்குள் என்றால் 4 ரூபாய் 75 காசு, நூறைத் தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் 7 ரூபாய். அறைக்கு ஐம்பது யூனிட் எரிக்கிற ஆறு குடும்பங்கள் ஒரே மீட்டருக்குப் பின்னால் இருந்தால், கணக்கில் அவர்கள் 300 யூனிட் எரிக்கிற ஒரு பணக்காரர். 2024 ஏப்ரலில் அடுக்கை எடுத்துவிட்டு எல்லோருக்கும் 5 ரூபாய் 90 காசு என்றார்கள். கீழடுக்கில் இருந்தவர்களுக்கு விலை ஏறியதைக் கிருஹ ஜோதி மூடிவிட்டது. கிருஹ ஜோதி எட்டாத அறைகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

"தனி மீட்டர் வாங்கிக்கொடுங்கள்" என்று ஓனரிடம் சொன்னால் தீர்ந்துவிடுமா? 2025 பிப்ரவரி 15 முதல் பெஸ்காம் புதிய இணைப்புகளுக்கு ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கியது. சாதாரண ஒரு ஃபேஸ் மீட்டரே கிட்டத்தட்ட 5,000 ரூபாய், பழைய மீட்டரைப் போல இரு மடங்குக்கும் மேல். விலையைப் பற்றிச் சட்டசபையிலும் உயர் நீதிமன்றத்திலும் பெரிய சண்டை நடந்தது. அறைக்கு ஒன்றென்று அத்தனை பணம் போட எந்த ஓனரும் முன்வரமாட்டார். போடத் தயாராக இருந்தாலும் இன்னொரு கதவு அடைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 17-இல் உச்ச நீதிமன்றம், கட்டட நிறைவுச் சான்றும் குடியேற்றச் சான்றும் இல்லாத கட்டடங்களுக்கு மின்சாரம், தண்ணீர் இணைப்பு கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. வரைபடத்தை மீறிக் கட்டுவதை நிறுத்த வேறு வழி இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் நியாயம். பெங்களூரில் அந்தச் சான்று இல்லாமல் நிற்கிற வீடுகள் ஏராளம். 1,200 சதுர அடி வரையிலான மனையில் உயரம் குறைந்த வீடுகளுக்கு மாநில அரசு பிறகு விலக்குக் கொடுத்தது. நான்கு மாடி எழுப்பினவர்களுக்கு அது பொருந்தாது. கட்டும்போது வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே குடும்பங்கள் வாழ்கிற கட்டடங்களும் இருக்கின்றன. தற்காலிக இணைப்புக்கு வீட்டு விலையைவிட மிக அதிகமான விலை, புதிதாக வாங்கினால் ப்ரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர். தப்பாகக் கட்டியவர் ஒருவர். யூனிட்டுக்கு யூனிட் அபராதம் கட்டுகிறவர் அங்கே வாடகைக்கு வந்தவர்.

முன்பணம் கொடுக்கிறவருக்கு விலை ஏன் அதிகமாக இருக்க வேண்டும்? எப்படி யோசித்தாலும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அவரிடம் பாக்கி நிற்காது. பில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுக்க ஆள் வேண்டாம். கணக்கெடுக்க ஆள் வேண்டாம். விற்கிறவர் வாங்குகிறவரின் காசை வைத்துத் தொழில் நடத்துகிறார். 2003 சட்டத்தை எழுதியவர்களுக்கு இது தெரிந்தேயிருந்தது. ப்ரீபெய்டு மீட்டரை ஏற்கத் தயாராக இருக்கிறவரிடம் டெபாசிட் கேட்கக் கூடாது என்று 47-ஆம் பிரிவில் எழுதி வைத்தார்கள். மூன்றாம் மாடிப் பெண் வீட்டு அட்வான்ஸும் கொடுத்திருக்கிறாள், கரெண்டுக்கு முன்பணமும் கொடுக்கிறாள்.

2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த நுகர்வோர் உரிமை விதிகள் நாடு முழுவதும் ப்ரீபெய்டு மீட்டரே பொது வழக்கமாக இருக்க வேண்டும் என்றன. 2021-இல் அறிவித்த திட்டம் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களை இலக்காக வைத்தது. பீகார் இதில் முன்னால் போனது. 2024-இல் குஜராத்தின் வடோதராவில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், மகாராஷ்டிரத்தில் சாதாரண வீடுகளுக்கு ப்ரீபெய்டு மீட்டர் பொருத்தமாட்டோம் என்று அரசு பின்வாங்கியது. ஸ்மார்ட் மீட்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த மணிக்கு எவ்வளவு எரிந்தது என்று தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. அந்த மீட்டர் ராத்திரி பத்து மணிக்குத் தானாக இணைப்பை வெட்டும்போது 56-ஆம் பிரிவின் பதினைந்து நாள் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. என் அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. இந்தப் பெண்ணுக்கு வந்தது போனில் ஒரு பீப் சத்தம்.

இந்த அநியாயம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் சித்தி மகன் வருஷக்கணக்காக இதைக் கவுண்டருக்குப் பின்னாலிருந்து பார்த்தவன். அங்கே ப்ரீபெய்டு மீட்டருக்கு ஒரு சாவி. அதைக் கடையில் கொண்டுவந்து ஐந்து பவுண்டு, பத்து பவுண்டு என்று ஏற்றிக்கொண்டு போவார்கள். சாவியோடு வருகிறவர்களில் தனியாகப் பிள்ளை வளர்க்கிற பெண்கள், வாடகை அறைக்காரர்கள், நம் ஆட்கள், வங்காளிகள் எல்லோரும் உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் கட்டுகிறவர்களைவிட அவர்களுக்குப் பல காலம் விலை கூடுதலாகவே இருந்தது. நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் அந்த மீட்டர். கேஸ் தீர்ந்து குளிரில் கிடந்த வீட்டிலும் நிலைக்கட்டணம் ஓடும். மறுபடி பணம் ஏற்றியதும் அது முதலில் பிடித்துக்கொள்ளும், இங்கே பிடிப்பதைப் போலவே. 2022, 2023 விலையேற்றத்தின்போது பாக்கி வைத்தவர்கள் வீட்டில் நீதிமன்ற உத்தரவோடு நுழைந்து கட்டாயமாக ப்ரீபெய்டு மீட்டர் மாட்டினார்கள். பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்துக்காக வேலை செய்த ஒப்பந்த ஆட்கள் நோயாளிகளும் கைக்குழந்தைகளும் இருந்த வீடுகளில் நுழைந்ததைத் 'தி டைம்ஸ்' நாளிதழ் 2023 பிப்ரவரியில் வெளியிட்டது. நாடே கொதித்தது.

கொதித்த பிறகு நடந்ததை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் கட்டாய மாட்டலை நிறுத்தச் சொன்னது. முதியவர்களும் குழந்தைகளும் இருக்கிற வீடுகளுக்குப் புதிய பாதுகாப்பு விதிகள் வந்தன. 2023 ஜூலை முதல் தேதியிலிருந்து ப்ரீபெய்டுக்கான கூடுதல் விலையை அரசே ஈடுகட்டி நீக்கியது. 2024 ஏப்ரலிலிருந்து நிலைக்கட்டணத்தை எல்லோருக்கும் பொதுவாகப் பரப்பினார்கள். இப்போது சாவிக்காரருக்கு விலை, வங்கிக் கணக்குக்காரரைவிடச் சற்றுக் குறைவு. கம்பி மாறவில்லை, மீட்டர் மாறவில்லை. முடிவெடுக்கிற இடத்தில் இருந்தவர்கள் முடிவெடுத்தார்கள்.

நம் ஊரில் அந்த இடம் கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம். வசந்த்நகரில், மில்லர் டேங்க் பெட் பகுதியில் இருக்கிறது. கட்டண உத்தரவுக்கு முன்னால் பொதுமக்களின் ஆட்சேபத்தை எழுத்தில் வாங்கி, விசாரணை வைத்துக் கேட்கிறார்கள். வழக்கமாகத் தொழிற்சாலைச் சங்கங்களும் விவசாயிகள் சங்கங்களும் போகிறார்கள். அறைக்காரர்களின் சார்பாக நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓனர் எந்த மீட்டர் வைத்தாலும் மின்சாரத்தை ஆணையம் வகுத்த வீட்டு விலைக்கு மேல் விற்கக் கூடாது, பொதுச் செலவைத் தனியே காட்ட வேண்டும் என்பது முதல் கோரிக்கை. சப்-மீட்டருக்குப் பின்னால் இருக்கிற குடும்பத்தையும் ஒரு வீடாக எண்ணி, வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்துக் கிருஹ ஜோதியில் சேர்க்க வேண்டும் என்பது அடுத்தது. அதில் அரசாங்கமும் மனம் வைக்க வேண்டும், ஆணையத்தால் மட்டும் ஆகாது. பணம் தீர்ந்தாலும் சாயங்காலம் முதல் காலை வரையிலும் விடுமுறை நாட்களிலும் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பதையும் எழுதியிருக்கிறேன். கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கிற வீட்டுக்கு ப்ரீபெய்டே கூடாது என்று சேர்க்கச் சொன்னவள் மூன்றாம் மாடிப் பெண்தான்.

அவளிடம் பெஸ்காம் பில் எதுவும் கிடையாது. ரீசார்ஜ் செய்தபோதெல்லாம் போனுக்கு வந்த ரசீதுகள் இருக்கின்றன, தேதி, தொகை, கழித்த தினக்கட்டணம் எல்லாம் அதில் வருகிறது. அல்சூர் பஜார் தெருவில் ஒரு கடையில் அவற்றை அச்செடுத்து மனுவோடு இணைத்திருக்கிறோம். விசாரணை அறிவித்ததும் ஒருநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.